கிளிப் போடுவதற்கு முந்தைய நிமிடம்: அறுவை சிகிச்சை வீடியோக்களைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது எப்படி

மறுநாள் பட்டியலில் முதல் பெயருக்கு எதிரே லேப்பரோஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவை) வழிப் பித்தப்பை நீக்கம் என்று எழுதியிருந்தால், எங்கள் முதுநிலை மாணவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு டியூட்டி அறையில் யூடியூபைத் திறந்துவிடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலூர்ப் பகுதியில் பொது அறுவை சிகிச்சை செய்துவரும் நானும், அபூர்வமாக வரும் கேஸ் என்றால் முதல் நாள் இரவு அதைத்தான் செய்கிறேன். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் மாணவர், பயிற்சி மருத்துவர், ஆசிரியர் ஆகிய மூன்று தரப்பினரிடமும் கேட்டு 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அறுவைக்குத் தயாராக வீடியோ பார்ப்பதாகவும், அவர்கள் மிகுதியாக நாடுவது யூடியூபையே என்றும் தெரியவந்தது. ஆகவே பார்க்கலாமா கூடாதா என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, பார்த்ததில் எதை நம்புவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதால், ஹவுஸ் சர்ஜன்களையும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு, நெடுஞ்சாலை விபத்தில் விலா எலும்பு முறிந்து நெஞ்சுக்கூட்டில் காற்றும் இரத்தமும் சேர்ந்திருந்த ஒருவரை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். உடனே நெஞ்சில் குழாய் வைத்தாக வேண்டிய நிலை. "எப்படி வைக்கிறதுன்னு தெரியுமாப்பா?" என்று ஹவுஸ் சர்ஜனிடம் கேட்டேன். "வீடியோல நாலஞ்சு தடவை பார்த்திருக்கேன் சார்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு நோயாளி மோசமாக இருந்ததால், அவரைத் தொடங்கச் சொல்லிவிட்டு நான் அங்கே போனேன். அப்படிப் போனது என் தவறு. அதை இன்றும் மறக்கவில்லை. விபத்தில் வந்தவருக்கு முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தது. அதனால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய் நுரையீரலுக்குள்ளேயே போய்விட்டது. இரண்டாவது குழாய் வைத்து, மூன்று வாரம் வார்டில் கிடந்து, கடைசியில் அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த மூன்று வாரமும் அவர் படத் தேவையில்லாத பாடு.

மறுநாள் அந்த வீடியோவைக் காட்டச் சொன்னேன். நான்கு நிமிடம்கூட இல்லை. படம் தெளிவு, குரல் தெளிவு. தோலைக் கீறுவதும், விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஃபோர்செப்ஸை நுழைப்பதும், நுரையீரல் உறை திறந்ததும் காற்று சீறி வருவதும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த காட்சியில் குழாய் உள்ளே இருந்தது. இடையில் விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவி, நுரையீரல் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பத்து நொடிகளை யாரோ சுவாரசியமில்லை என்று வெட்டியெடுத்திருந்தார்கள். அந்த இளைஞர் வீடியோவில் பார்த்ததை அப்படியே, ஒன்றுகூட விடாமல் செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து எந்த அறுவை வீடியோவைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, திரும்பி வர முடியாத செயலுக்கு முந்தைய நிமிடத்தை அது முழுமையாகக் காட்டுகிறதா என்பதைத்தான். கீறுவது, நாளத்தை இறுக்கி அடைக்கும் கிளிப்பைப் போடுவது, வெட்டுவது, குழாயைத் தள்ளுவது ஆகியவை எல்லா வீடியோவிலும் இருக்கும், ஏனென்றால் பார்ப்பதற்கு அவைதாம் நன்றாக இருக்கின்றன. அதற்கு முன்பு தடவிப் பார்ப்பதும், தயங்குவதும், கேமராவைத் திருப்பி மறுபக்கத்தைச் சரிபார்ப்பதும் மெதுவானவை. எடிட் செய்பவர் கையில் கத்தரி இருந்தால் முதலில் போவது அவைதான். ஒரு வீடியோவின் தரத்தை நிர்ணயிப்பதும் அவையே.

தேடுவதற்கு முன்

ஆகவே யூடியூபைத் திறப்பதற்கு முன்பு பாடநூலைத் திறந்து, அந்த அறுவையின் படிகளை ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டியதில்லை. பிறகு, எந்தப் படியைத் தாண்டினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதோ அதற்கு எதிரே சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். பித்தப்பை நீக்கத்தில் அது பித்தப்பை நாளத்தில் கிளிப் போட்டு வெட்டும் இடம். குடல்வால் அறுவையில் அதன் அடியைக் கட்டி வெட்டும் இடம். இடுப்பு மடிப்பில் வரும் ஹெர்னியாவுக்கு லிக்டன்ஸ்டைன் முறையில் மெஷ் என்ற செயற்கை வலையை வைக்கும்போது, மூன்று நரம்புகளையும் அடையாளம் கண்டு காப்பாற்றும் இடமும், அந்தரங்க எலும்பின் முகட்டில் மெஷ்ஷின் முதல் தையல் விழும் இடமும் அப்படிப்பட்டவை. அங்கே மெஷ் அந்த முகட்டைத் தாண்டி 2 சென்டிமீட்டராவது உள்பக்கமாகப் படர வேண்டும், தையல் எலும்பின் உறையைக் கவ்வக் கூடாது. முதலாவது தவறினால் ஹெர்னியா திரும்ப வரும். இரண்டாவது தவறினால் நோயாளிக்கு மாதக் கணக்கில் வலி இருக்கும். இந்தச் சிவப்புக் கோடு போட்ட இடங்களில் ஒரு வீடியோ எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிட வீடியோவில் அந்த இடம் பத்து நொடியில் முடிந்துவிட்டால், வேறு வீடியோவைத் தேடுங்கள்.

தாளை எழுதாமல் நேராக வீடியோவுக்குப் போகிறவருக்கு, அதில் இல்லாதது எது என்று ஒருபோதும் தெரியாது.

எதை நம்புவது

எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண்களை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்த எண்களில் பெரும்பங்கு அறுவையே செய்யாதவர்கள் வேடிக்கை பார்த்த கணக்கு. பொதுவெளியில் பரவலாகப் பார்க்கப்படும் பித்தப்பை அறுவை வீடியோக்களை எடுத்துப் பாதுகாப்பு நோக்கில் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வெட்டுவதற்கு முன்பு காட்டியே ஆக வேண்டிய காட்சி அவற்றில் பலவற்றில் முழுமையாக இல்லை என்பதே அதன் கவலை. அந்தக் காட்சி எது என்பதைச் சற்றுப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வீடியோக்களின் தரத்தை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள் சில உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தட்டுப்படும் டிசர்ன் என்ற 16 கேள்விப் பட்டியல், நோயாளிகளுக்கான எழுத்துத் தகவலை மதிப்பிட உருவாக்கப்பட்டது. சிகிச்சையின் நன்மை தீமைகள் சொல்லப்பட்டனவா என்று அது பார்க்குமே தவிர, கத்தி சரியான தளத்தில் போகிறதா என்று பார்க்காது. ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ் 1997-இல் முன்வைத்த நான்கு அளவுகோல்கள், எழுதியவர் யார், ஆதாரம் எது, பணத் தொடர்பு உண்டா, எப்போது வெளியானது என்று கேட்கும். அவை நல்ல கேள்விகள்தாம், ஆனால் நான்குக்கும் சரியான விடை வைத்துக்கொண்டே ஒருவர் மோசமாக அறுவை செய்ய முடியும். அறுவை கற்பவருக்கு நேரடியாக உதவுவது லேப்-வேகாஸ் என்ற வழிகாட்டி. பல நாட்டு அறுவை மருத்துவர்கள் கூடி லேப்பரோஸ்கோப்பி கற்பிக்கும் வீடியோக்களுக்காக வகுத்து 2018-இல் வெளியிட்டது அது. அதிலிருந்து பின்னர் பிறந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ஒன்பது இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 18. 11 அல்லது அதற்கு மேல் எடுப்பது ஏற்கத்தக்கது.

அந்த ஒன்பதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. செய்தவர் யார், எந்த மருத்துவமனை, நோயாளிக்கு என்ன வயது, என்ன நோய், ஸ்கேனில் என்ன இருந்தது, நோயாளியை எப்படிப் படுக்க வைத்தார்கள், துளைகள் எங்கே, யார் எங்கே நின்றார்கள், படிகள் வரிசையாக வந்தனவா, உடற்கூறு ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொல்லிக் காட்டப்பட்டதா, வரைபடம் உண்டா, விளக்கம் உண்டா, படம் தெளிவா, கடைசியில் நோயாளி என்ன ஆனார் என்று கேட்டுக்கொண்டே போனால் படிவம் தானாக நிறைந்துவிடும். என் அனுபவத்தில் யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது கடைசிக் கேள்வியில். பித்தப்பை பையில் போட்டு வெளியே வந்ததும் இசை ஒலிக்க வீடியோ முடிகிறது. மூன்றாம் நாள் நோயாளிக்குக் காய்ச்சல் வந்ததா, கண் மஞ்சளானதா என்று சொல்வார் இல்லை.

எங்கே தேடுவது என்றால், மருத்துவர்கள் பரிசீலித்த பிறகே வெளியிடும் தொகுப்புகளில் தொடங்குவது நல்லது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள இர்காட் பயிற்சி மையத்தின் வெப்சர்ஜ் தளத்தில் பெயரைப் பதிவு செய்தால் கட்டணமின்றிப் பார்க்கலாம். அமெரிக்க லேப்பரோஸ்கோப்பி மருத்துவர்களின் சங்கமான சேஜஸ்ஸின் வீடியோ தொகுப்பும் இவ்வகையில் பயன்படும். அங்கே கிடைக்காததை யூடியூபில் தேடும்போது, வெறும் உறுப்பின் பெயரைப் போடாமல் அறுவையின் முழுப் பெயரையும் முறையையும் போட்டுத் தேடுங்கள். ஒரே கம்பெனியின் கருவியோ மெஷ்ஷோ மீண்டும் மீண்டும் நெருக்கத்தில் காட்டப்பட்டு, அதன் பெயர் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், அதைப் பாடமாக எண்ணாமல் விளம்பரமாகக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளியிடுகிறவர்கள் அழகான கேஸைத்தான் வெளியிடுகிறார்கள்: மெல்லிய பித்தப்பை, கொழுப்பில்லாத வயிறு, சொட்டு இரத்தம் இல்லை. குடியாத்தத்திலிருந்தும் சோளிங்கரிலிருந்தும் நமக்கு வருகிறவர்களோ, வலியை மாத்திரை போட்டுப் போட்டுப் பொறுத்து, கூலி வேலையை விட முடியாமல் தள்ளிப்போட்டு, பித்தப்பை தோல்போலத் தடித்துச் சுற்றிலும் ஒட்டிக்கொண்ட பிறகு வருகிறார்கள். அதனால் ஒவ்வோர் எளிய கேஸுக்கும் ஒரு கடினமான கேஸ் என்ற கணக்கில் பாருங்கள். பித்தப்பையை முழுவதும் எடுக்க முடியாமல் ஒரு பகுதியை விட்டுவிட்ட அறுவை, துளை வழியைக் கைவிட்டு வயிற்றைத் திறந்த அறுவை ஆகியவற்றின் பெயரைப் போட்டே தேடலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டும் ஒரு வீடியோ, வெற்றிகரமாக முடிந்த பத்து வீடியோக்களுக்குச் சமம் என்பது என் கருத்து.

ஒரு வீடியோவைக் கிட்டத்தில் பார்ப்பது

பித்தப்பை அறுவையையே எடுத்துக்கொள்வோம். இந்த அறுவையில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்த நாளம் காயப்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்வதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண் சிறிது, ஆனால் அப்படி நேர்ந்தவருக்கு அதன்பின் பல ஆண்டுகளுக்குத் துன்பம். சான் பிரான்சிஸ்கோவில் இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அவற்றில் 97 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம் கண் ஏமாந்ததே என்றது. கை நடுங்கியோ திறமை போதாமலோ நேர்ந்தவை அல்ல அவை. பொதுப் பித்த நாளத்தைப் பித்தப்பை நாளம் என்று மூளை நம்பிவிட்டது. நம்பிய பிறகு கை சரியாகத்தான் வேலை செய்தது. கண்ணைப் பழக்குவதற்காகவே நாம் வீடியோ பார்க்கிறோம் என்றால், இந்த ஒரு புள்ளிவிவரத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பு காட்ட வேண்டிய காட்சியை ஸ்ட்ராஸ்பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1995-இல் வரையறுத்தார்கள். அதற்கு மூன்று நிபந்தனைகள். கல்லீரலுக்கும் பித்த நாளங்களுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுவதும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போகும் அமைப்புகள் (பித்தப்பை நாளமும் பித்தப்பைத் தமனியும்) இரண்டே இரண்டு என்று தெரிய வேண்டும்.

வீடியோவில் முதல் கிளிப் வரும் இடத்திற்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி நகருங்கள். கணினியில் யூடியூப் பார்க்கிறீர்கள் என்றால் 'ஜே' விசை பத்து நொடி பின்னால் கொண்டுபோகும், 'எல்' பத்து நொடி முன்னால், 'கே' நிறுத்தும். நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். கிளிப்புக்குச் சற்று முன் படத்தை நிறுத்திவிட்டு, மூன்று நிபந்தனைகளையும் திரையில் விரல் வைத்துத் தொட்டுக் காட்ட முயலுங்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும், பித்தப்பைத் தமனிக்கு அப்பாலும் கல்லீரல் தெரிகிறதா? பித்தப்பையின் கழுத்தை மறுபக்கம் புரட்டிப் பின்புறத்தையும் காட்டினார்களா? முன்பக்கம் மட்டும் காட்டிவிட்டுக் கிளிப் போட்டிருந்தால், அவருக்கு அன்று நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது எதுவுமில்லை.

அடுத்து, உதவியாளரின் கை எந்தத் திசையில் இழுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பித்தப்பையின் உச்சியை நோயாளியின் தலைப்பக்கம் தள்ளி, அதன் கழுத்தை வலப்பக்கமாகவும் கீழாகவும் இழுத்தால், பித்தப்பை நாளம் பொதுப் பித்த நாளத்திலிருந்து கோணமாக விலகித் தெரியும். கழுத்தையும் மேல்நோக்கியே இழுத்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். ஒரே குழாய் போலத் தோன்றும். கண் ஏமாறுவது அங்கேதான். வீடியோவில் யாரும் 'இப்போது இழுக்கும் திசையை மாற்றுகிறேன்' என்று சொல்வதில்லை. திரையின் ஓரத்தில், பாதி மறைந்து தெரியும் அந்தக் கருவி நகர்வதை நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே ஒருமுறை, நடுவில் நடப்பதைப் பார்க்காமல் ஓரக் கருவியை மட்டும் பார்த்தபடி முழு வீடியோவையும் ஓட்டுங்கள்.

நான் மாணவர்களை மூன்று முறை பார்க்கச் சொல்வது வழக்கம். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு, இயல்பான வேகத்தில், நிறுத்தாமல். பேச்சு இருந்தால் காது நம்பிவிடும். கண் வேலை செய்யாது. இரண்டாம் முறை ஒலியோடு, ஒவ்வொரு படி முடிந்ததும் நிறுத்தி, அடுத்து என்ன செய்வார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். நீங்கள் சொன்னதும் அவர் செய்ததும் வேறுபட்டால், உங்கள் தாளில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மூன்றாம் முறை, நாளை உண்மையில் எந்த வேலையைச் செய்யப் போகிறீர்களோ அந்த ஆளாக உட்கார்ந்து பாருங்கள். முதலாம் ஆண்டு மாணவர் என்றால் பெரும்பாலும் கேமரா பிடிக்கத்தான் போகிறீர்கள். கேமரா எப்போது கிட்டே போகிறது, எப்போது விலகுகிறது, லென்ஸைத் துடைக்க எப்போது வெளியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் திடீரெனத் தாவும் இடங்களில், அதாவது இரத்தம் இருந்து அடுத்த நொடியில் இல்லாமல் போகும் இடங்களில், நேரத்தை எழுதி வையுங்கள். அங்கே ஏதோ நடந்து மறைக்கப்பட்டிருக்கிறது. காலையில் அதைப் பற்றித்தான் உங்கள் மூத்தவரிடம் கேட்க வேண்டும்.

கை கற்பது வேறு

எவ்வளவு நல்ல வீடியோவானாலும் அது சொல்லித் தராத ஒன்று, எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது. 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதே வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவையைச் செய்தபோது, அதைக் கற்க விரும்பியவர் மேசைக்கு அருகில் நின்றுதான் கற்றிருக்க முடியும். நாணின் இறுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இன்றும் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆகவே வீடியோவில் பார்த்ததைக் கை வழியாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள். முடிச்சு போடுவதற்குக் கட்டில் கம்பியும் பழைய பட்டு நூலும் போதும். ஆனால் முடிச்சு வீடியோக்களில் ஒரு சிக்கல் உண்டு: பலவற்றில் கேமரா எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு வலக்கை இடக்கையாகத் தெரியும். செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவாகத் தேடுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள மாணவர்கள் எதிர்ப்பக்க வீடியோவையே கண்ணாடிபோல வைத்துப் பழகலாம். என்னிடம் படித்த ஒருவர் அப்படித்தான் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

தோல் தையலுக்கு ஆட்டுக்காலும் கோழித் தொடையும் எல்லா ஊரிலும் கிடைக்கும். நம் பக்கத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆம்பூரைச் சேர்ந்த ஒரு மாணவி, உறவினரின் தோல் தொழிற்கூடத்திலிருந்து கையுறைக்கு வெட்டிய மெல்லிய தோலின் மிச்சத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். காலணிக்கான தடித்த தோலில் ஊசி இறங்காது. இந்த மெல்லிய தோல் ஏறத்தாழ முன்கைத் தோல்போல ஊசிக்கு இடம் கொடுத்தது, ஊசியைக் கோணலாக நுழைத்தால் ஓரம் சுருங்கிக் காட்டிக்கொடுத்தது. ஊசியை அதன் முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று எல்லா வீடியோவும் சொல்கின்றன. பின்முனையில் பிடித்தால் ஊசி வளைந்துபோகும் என்பதைத் தோல் துண்டில் இரண்டு ஊசிகளை வளைத்த பிறகுதான் கை ஒப்புக்கொள்கிறது. குடல் தையலுக்கு இறைச்சிக் கடையில் சொல்லி வைத்தால் ஆட்டுக் குடல் கிடைக்கும். தைத்து முடித்ததும் ஒரு முனையைக் கட்டி, மறுமுனை வழியே தண்ணீர் விட்டுப் பாருங்கள். எந்த வீடியோவும் சொல்லாத மதிப்பெண்ணை அது சொல்லிவிடும்.

காலையில் கை கழுவும் இடத்தில் உங்கள் மூத்தவரிடம் "வீடியோ பார்த்துட்டேன் சார்" என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தாளைக் காட்டி, சிவப்புக் கோடு போட்ட இடங்களையும் கேள்விக்குறி போட்ட இடங்களையும் சொல்லுங்கள். மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். "வெட்டுறதுக்கு முன்னாடி என்ன பார்ப்ப?" என்று கேளுங்கள். அந்த இரவில் நான் இரண்டாவதைக் கேட்டிருந்தால், விரலை விட்டுப் பார்ப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததிலிருந்தே எனக்கு விளங்கியிருக்கும்.

நீங்களே எடுப்பதானால்

நம் நோயாளிகளைப் போன்றவர்களின் அறுவைகள் வீடியோவாக வர வேண்டுமானால் நாம்தான் எடுக்க வேண்டும். லேப்பரோஸ்கோப்பிக் கருவியிலேயே பதிவு வசதி இருப்பதால் அதில் தொல்லை குறைவு. திறந்த அறுவையில் ஆபரேஷன் தியேட்டர் விளக்கின் வெளிச்சம் படத்தை வெள்ளையாக எரித்துவிடும். கேமராவின் ஒளி அளவைக் காயத்தின் மீது வைத்துப் பூட்டிவிட்டு, அறுவை செய்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வெட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள். எத்தனை மடங்கு என்பதைத் திரையில் போடுங்கள். சிவப்புக் கோட்டு இடங்களை மட்டும் இயல்பான வேகத்தில் விடுங்கள். இரத்தம் கசிந்தால் அது இருக்கட்டும், அதை எப்படி நிறுத்தினீர்கள் என்பதும் இருக்கட்டும். விளக்கத்தைத் தமிழில் பேசினால் தியேட்டர் செவிலியரும் டெக்னீஷியனும் சேர்ந்தே கற்பார்கள். உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, செயலைத் தமிழில் சொல்வது எங்களுக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. முப்பதாவது நாள் நோயாளி எப்படி இருந்தார் என்ற ஒரு வரியைச் சேர்க்கும் வரை வெளியிடாதீர்கள்.

அடையாளத்தை மறைப்பது முகத்தோடு முடிவதில்லை. பதிவுக் கருவி படத்தின் மூலையில் பெயரையும் எண்ணையும் அச்சிட்டுவிடும். மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒலியில் இருக்கும். நம் கிராமத்துப் பெண்கள் பலரின் முன்கையில் கணவர் பெயரோ பிள்ளை பெயரோ பச்சை குத்தியிருக்கும். காயம் கையில் என்றால் அதையும் மறைக்க வேண்டும்.

ஒப்புதலை அறுவைக்கான ஒப்புதல் படிவத்தின் அடியில் ஒரு வரியாக நுழைக்கக் கூடாது. தனித் தாளில், தனியாகக் கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் தமிழ் மட்டும் போதாது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசுகிறவர்களும், ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் வருவார்கள். அவர்கள் மொழியில் படித்துக் காட்ட ஆள் வேண்டும். பீடி சுற்றும் ஓர் அம்மாவிடம், மயக்கம் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை, அவருடைய மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மொகம் அதுல வருமா டாக்டர்?"

"வராதும்மா. வயித்துக்குள்ள இருக்கிறது மட்டும்தான் வரும். உங்க பேரும் வராது."

"வேணாம்னு சொன்னா ஆபரேஷனு நிறுத்திடுவீங்களா?"

"இல்லம்மா. வேணாம்னாலும் நாளைக்குக் காலைல அதே நேரத்துக்கு அதே ஆபரேஷன்தான்."

மகளைப் பார்த்தார். பிறகு, மறுநாள் காலையில் சொல்கிறேன் என்றார். காலையில் சம்மதித்தார். அந்த ஓர் இரவை நோயாளிக்குக் கொடுப்பதை இப்போது வழக்கமாகவே வைத்திருக்கிறேன். கையெழுத்திட்ட தாளின் ஒரு நகலைக் கேஸ் ஷீட்டோடு இணையுங்கள், இன்னொரு நகலை அவரிடமே கொடுங்கள். பின்னாளில் மனம் மாறினால் யாரை எந்த எண்ணில் அழைத்து எடுக்கச் சொல்லலாம் என்பதை அதிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் காரணம் கேட்காமல் அன்றைக்கே வீடியோவை நீக்கிவிடுங்கள்.